நெருப்பும் புகையும்

சரித்திர நாவல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்கிற ரகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். "டெம்ப்ளர்களைப் பற்றி நீர் ஏன் ஒரு கதை எழுதக் கூடாது? புதையல் இருக்கிறது, ரகசியச் சடங்கு இருக்கிறது, எரிகிற சிதையிலிருந்து சாபம் இருக்கிறது. இதைவிட வேறு என்ன ஐயா வேண்டும்?" என்று கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, அவருக்கு இந்த ருசியைப் பழக்கிவைத்த எங்கள் கதாசிரியர் வர்க்கத்தின்மேல்.

எங்கள் குற்றம் பழையது. ஸர் வால்டர் ஸ்காட் 'ஐவன்ஹோ'வில் ஒரு டெம்ப்ளரை வில்லனாக்கினார். மோரிஸ் த்ருவோன் 1955ல் தொடங்கிய நாவல் வரிசையில் மோலேயின் சாபத்தை வைத்தே ஒரு ராஜ வம்சத்தை ஆட்டி வைத்தார். இருவரும் கெட்டிக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் புதையலைத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அதைத் தோண்டத் தேவையே இல்லை. பிரெஞ்சு ராஜாவின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

துறவியின் விரதமும் போர்வீரனின் வாளும் ஒன்றாக ஏற்றவர்களின் சங்கம் அது. ஜெருசலேமுக்கு யாத்திரை போகிறவர்களைக் காப்பதற்காக 1120ஐ ஒட்டி ஏற்பட்டது. 1139ல் போப் அவர்களுக்கு ஒரு சாசனம் தந்தார்: பிஷப்புகள் அவர்களைக் கேள்வி கேட்க முடியாது, போப் ஒருவருக்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். கோட்டையும் ஒழுங்கும் நாணயமும் உள்ள இடத்தில் பணத்தைக் கொடுத்து வைப்பது எந்த ஊரிலும் வழக்கம். பாரிஸிலிருந்த அவர்களுடைய டெம்ப்பிள் மாளிகை நாளடைவில் பிரெஞ்சு ராஜாங்கத்தின் கஜானாவாகவே ஆகிவிட்டது.

அந்தக் கஜானாவுக்கு எஜமானனாக 1285ல் வந்தவன் நான்காம் பிலிப், அழகன் பிலிப் என்று பெயர் எடுத்தவன். சண்டைகளில் பணம் கரைந்தது. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தான். 1306ல் யூதர்களை நாட்டை விட்டுத் துரத்தி அவர்கள் சொத்தை எடுத்துக்கொண்டான். அதே வருஷம் திடீரென்று நாணயத்தைப் பழைய மதிப்புக்குக் கொண்டுவரவும் வாடகையெல்லாம் மூன்று பங்காக ஏறி, பாரிஸ் ஜனங்கள் கலகம் செய்தார்கள். ராஜா ஓடி ஒளிந்த இடம் எது தெரியுமா? டெம்ப்பிள் மாளிகைதான். அந்தக் கனத்த சுவர்களுக்குள் உட்கார்ந்து அவன் என்ன நினைத்தான் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது கற்பனை.

கற்பனை இல்லாதது இது. 1307 செப்டம்பர் 14ந் தேதி கைது உத்தரவு ரகசியமாகப் புறப்பட்டது. அக்டோபர் 12ந் தேதி ராஜாவின் தம்பி மனைவியின் சவ அடக்கத்தில் சங்கத் தலைவர் ழாக் த மோலே மரியாதைக்குரியவர்கள் வரிசையில் நின்றார். மறுநாள் விடியற்காலையில் அவரும் பிரான்ஸ் முழுவதிலுமிருந்த டெம்ப்ளர்களும் கைதானார்கள். கிறிஸ்துவை மறுத்தார்கள், சிலுவைமேல் துப்பினார்கள், ஏதோ ஒரு தலையை வணங்கினார்கள் என்று குற்றப் பத்திரிகை. போப் எட்டாம் போனிபேஸோடு பகை வந்தபோதும் பிலிப்பின் ஆட்கள் அவர்மேல் மதத்துரோகமும் பிசாசு சகவாசமும் சுமத்தியவர்கள்தான். சரக்கு பழையது, வாங்குகிறவர்தான் வேறு.

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாரிஸில் விசாரித்த 138 பேரில் 134 பேர் ஏதாவது ஒன்றை ஒப்புக்கொண்டார்களே என்பார்கள். நெருப்பு இருந்தது, மறுக்கவில்லை. பெர்னார் த வாதோ என்ற டெம்ப்ளர் பாதிரியாரின் பாதத்துக்கு அடியில் இருந்தது. உள்ளங்கால் வெந்து குதிகால் எலும்புகள் கழன்று விழுந்தன. பிற்பாடு அவற்றை விசாரணைக்காரர்கள் முன் எடுத்துக் காட்டினார். சித்திரவதை வழக்கத்தில் இல்லாத இங்கிலாந்தில் இதே கேள்விகளைக் கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்றார்கள். வற்புறுத்தல் ஏறிய பிறகும் ஒப்புக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அரகானில் 1312ல் குற்றமற்றவர்கள் என்றே தீர்ப்பு வந்தது. ஒரே சங்கம், ஒரே சடங்கு. எல்லை தாண்டினால் பாவம் எப்படி ஐயா மறைந்துபோகிறது?

டெம்ப்ளர்களை நான் மகாத்மாக்கள் ஆக்கவில்லை. 1291ல் ஆக்ரா கோட்டை விழுந்த பிறகு அவர்களுக்கு உருப்படியான வேலை குறைவு. சொத்து மட்டும் குறையவில்லை. ஹாஸ்பிடலர் சங்கத்தோடு இணைந்துவிடுங்கள் என்ற யோசனையை மோலே தட்டிக் கழித்தார். கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு செய்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? எந்தச் சட்டத்துக்கும் தலை வணங்காதவனுக்கு ஆபத்து வந்தால் எந்தச் சட்டமும் துணைக்கு வராது. மோலேயும் முதல் மாதத்திலேயே ஒப்புக்கொண்டு மற்றவர்களின் காலை வாரிவிட்டார்.

பிலிப் உண்மையிலேயே குற்றச்சாட்டை நம்பினான், அவன் பக்திமான் என்று சொல்லும் சரித்திராசிரியர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். புனிதர் பட்டம் பெற்ற ஒன்பதாம் லூயியின் பேரன் அவன். பக்தியும் பணமுடையும் ஒரே மனசில் குடியிருக்க வாடகைத் தகராறு வருவதில்லை.

நாவலுக்குரிய காட்சி வேண்டும் என்றால் சாபத்தை விட்டுவிட்டு 1310ஆம் வருஷ வசந்தத்துக்கு வாருங்கள். போப் நியமித்த கமிஷன் பாரிஸில் உட்காருகிறது. தைரியம் வந்து, ஏறக்குறைய அறுநூறு பேர் சங்கத்துக்காக வாதாட முன்வருகிறார்கள். ராஜாவின் பக்கத்தில் நடுக்கம். ஆனால் முன்பு ஒப்புக்கொண்டதை இப்போது மறுப்பவன் மீண்டும் வழுக்கி விழுந்தவன். அவனுக்குத் தண்டனை தீ. ராஜாவின் அந்தரங்க அதிகாரி ஆங்கரான் த மரிஞியின் தம்பிதான் ஸான்ஸ் நகரத்து ஆர்ச்பிஷப். அவர் கமிஷனுக்குக் காத்திராமல் மே 12ந் தேதி ஐம்பத்து நான்கு பேரை வண்டியில் ஏற்றிப் பாரிஸுக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்.

மறுநாள் கமிஷன் முன்னால் ஏமரி த வில்லியே என்ற ஐம்பது வயதுக்காரர் வந்தார். முகம் வெளுத்திருந்தது. குற்றச்சாட்டெல்லாம் பொய் என்று மார்பில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். ஆனால் அந்த வண்டிகளைத் தாம் பார்த்துவிட்டதாகவும், தீயைத் தம்மால் தாங்க முடியாது என்றும், கேட்டால் ஆண்டவரையே தாம்தான் கொன்றதாக ஒப்புக்கொண்டு விடுவேன் என்றும் சொன்னார். இதை ராஜாவின் ஆட்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். கமிஷன் எழுதிக்கொண்டது, அதனால்தான் நமக்குத் தெரிகிறது. சில நாளைக்குள் வாதாட வந்த பலர் பின்வாங்கிவிட்டார்கள்.

இந்த மனிதரை வைத்து எத்தனை பேர் கதை எழுதியிருக்கிறோம்?

போப் ஐந்தாம் கிளெமென்ட்டுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. 1308லேயே ஷினோன் கோட்டையில் அவருடைய கார்டினல்கள் மோலேக்குப் பாவமன்னிப்பு அளித்தார்கள்; அந்தச் சுருளை வாட்டிகன் காப்பகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் 2001ல் அடையாளம் கண்டார். ஆனால் 1312ல் வியன் மகாசபையில் போப் சங்கத்தைக் கலைத்தார். குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி அல்ல. பெயர் கெட்டுவிட்டது, இனி உதவாது என்று. கெடுத்தது யார் என்று அந்தச் சாசனத்தில் எழுதவில்லை.

1314 மார்ச்சில் மோலே தம் வாக்குமூலம் பொய் என்று சொல்லி ஸேன் நதித் தீவில் எரிந்தார். கடைசியில் வந்த தைரியம் என்றாலும் தைரியம்தான். தெய்வம் பழிவாங்கும் என்று அவர் சொன்னதாக அந்தக் காலத்துச் செய்யுள் ஒன்று சொல்கிறது. ராஜாவையும் போப்பையும் பேர் சொல்லி ஓராண்டுக்குள் கூப்பிட்டார் என்பது பிற்காலத்தார் போட்ட ஒட்டு. போப் ஏப்ரலிலும் ராஜா நவம்பரிலும் இறந்தார்கள்; நமக்குத் திருப்தி. தெய்வம் கணக்குத் தீர்த்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ராஜாவும் ஒரு கணக்குத் தீர்த்திருந்தான். டெம்ப்ளர்களின் சொத்து ஹாஸ்பிடலர்களுக்கு என்று போப் உத்தரவிட்டிருந்தார் அல்லவா? 1313ல், மோலே இன்னும் சிறையில் உயிரோடு இருக்கும்போதே, அந்த ஹாஸ்பிடலர்கள் பிலிப்புக்கு இரண்டு லட்சம் லிவர் கொடுக்கச் சம்மதித்தார்கள். டெம்ப்ளர்களின் கஜானாவிலிருந்து தனக்கு வரவேண்டிய பாக்கி அது என்று ராஜா கேட்டிருந்தான்.