கொடுக்குமுன் ஆளிடம் கேட்போம்



நோன்பு நெருங்கும்போது நம் ஊர்களில் கைப்பெடல் சைக்கிள், சக்கர நாற்காலி கொடுக்கும் வைபவங்கள் கூடும. கொடுப்பவர்களின் நிய்யத்தில் நமக்குச் சந்தேகமில்லை. கட்டாரிலும் சவூதியிலும் வியர்வை சிந்தும் நம் பிள்ளைகளின் காசும் அதில் இருக்கிறது. ஆனால் அப்படிக் கொடுத்த சைக்கிள்களில் சில, ஒரு மாரி முடியமுன்னே வேலியோரம் துருப்பிடித்துக் கிடப்பதையும் பார்க்கிறோம். "கொடுத்தும் பாவிக்கிறார் இல்லையே" என்று அந்த மனிதரைத்தான் குறை சொல்கிறோம். அவருக்கு எது சரி என்று அவரிடம் நாம் கேட்டோமா?

இப்போது, சாய்ந்திருந்து காலால் மிதிக்கும் மூன்று சில்லு சைக்கிளின் படங்கள் வெளிநாட்டில் இருந்து வருகின்றன. "இதை வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார்கள். நல்ல சாமான்தான். முதுகுக்குச் சாய்மானம் உண்டு, இருக்கை பதிவாக இருப்பதால் திருப்பத்தில் இலகுவில் கவிழாது. ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது.

முதலில், எந்த உறுப்பில் பலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு காலும் இயங்காமல் கை பலமாக உள்ளவருக்குக் கைப்பெடல்தான் சரி. பாரிசவாதத்தில் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்தவர் அதை எப்படிச் சுற்றுவார்? அவருக்குக் காலால் மிதிப்பது பொருந்தலாம். பலவீனமான பாதத்தைப் பெடலோடு பட்டியால் கட்டி, மற்றக் காலால் மிதிக்கலாம். பிரேக்குகள் நல்ல கைக்கு ஒரே பிடியில் வர வேண்டும். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவருக்கு நல்ல மெத்தை இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். அது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது ஏறி இறங்குவது. முழங்கால் பலமில்லாதவர் மிகவும் பதிந்த இருக்கையில் இருந்து எழும்ப மாட்டார். முன்னால் இரண்டு சில்லு உள்ள வகை ஓட்டத்தில் உறுதி, ஆனால் பதிவு. பின்னால் இரண்டு சில்லு உள்ள வகையில் இருக்கை பெரும்பாலும் உயரமாக இருக்கும், ஏறுவதும் லேசு. எதுவானாலும் ஏறும்போது உருளாமல் நிற்க, பூட்டி வைக்கும் பிரேக் கட்டாயம்.

பிறகு நம் மண். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறோம். ஒழுங்கைகள் ஒடுக்கம், பல இடம் மணல். முன் சில்லு இழுக்கும் சைக்கிள் மணலிலும் பாலத்து ஏற்றத்திலும் வழுக்கும். உப்புக்காற்று செயினைத் தின்னும். நம் சைக்கிள் கடையில் கிடைக்காத டயர் என்றால் முதல் பஞ்சரோடு கதை முடிந்தது. கல்முனை வீதியில் பஸ் சாரதியின் கண்ணுக்குப் படாத அளவு பதிவான சைக்கிளுக்கு உயரமான கொடியும் பின்விளக்கும் வேண்டும். வாசல் கேட்டின் அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

சக்கர நாற்காலி வழங்குவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008 இல் எட்டுப் படிகளைச் சொன்னது: ஆளை அனுப்பி வைத்தல், பரிசோதித்தல், பொருத்தமானதைத் தெரிவு செய்தல், நிதியும் கொள்வனவும், தயார்படுத்தல், அளவுக்குப் பொருத்துதல், பாவிக்கப் பழக்குதல், பின்தொடர்ந்து பராமரித்தல். நாம் நான்காவதில் தொடங்கி, படம் எடுத்து, அங்கேயே முடித்து விடுகிறோம்.

1655 இல் ஜெர்மனியில் நடக்க முடியாத ஸ்டீபன் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரத் தொழிலாளி, கையால் சுற்றும் மூன்று சில்லு வண்டியைத் தனக்குத் தானே செய்தார். ஓடப் போகிறவர்தான் அதைத் தீர்மானித்தார்.

ஸூரத்து அபஸ இறங்கிய காரணம் நாம் மத்ரஸாவில் படித்ததே. நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அறிவு தேடி வந்தார். அவருக்கே முதலிடம் என்று அல்லாஹ் கற்றுத் தந்தான். நமது மேடைகளில் முதலிடம் யாருக்கு?

ஆகவே இந்த முறை இப்படிச் செய்வோம். பத்துப் பேருக்குக் கொடுக்கும் காசில் எட்டுப் பேருக்குக் கொடுத்து, மீதியைத் திருத்த வேலைக்கு ஒதுக்குவோம். வாங்குமுன் வைத்தியசாலையின் பிசியோதெரபி பகுதிக்கு அவரை அழைத்துப் போவோம். அவருடைய வீட்டு ஒழுங்கையிலேயே ஓட்டிப் பார்க்க விடுவோம். படிக்கிற பிள்ளை என்றால் வருடா வருடம் அளவு பார்ப்போம். வளரும் பிள்ளைக்குப் பொருந்தாத இருக்கை முதுகை வளைத்து விடும்.

இன்னொன்று. சைக்கிள் வந்து நிற்கும் இடத்தில் படிக்கட்டு இருந்தால் என்ன பயன்? பொதுக் கட்டிடங்களுக்கான அணுகல் விதிகள் 2006 இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், இதுதான் கணக்கு. நம் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அதைக் கட்டட்டும். ஜும்ஆவுக்கு வருகிறவரை நான்கு பேர் தூக்கி வைப்பது உதவிதான். அவர் தானாக வந்து ஸப்பில் சேர்வது அவருடைய உரிமை.

உங்கள் மஹல்லாவில் இப்படி யாராவது இருந்தால் முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைக் கீழே எழுதுங்கள். நோன்புக்கு முன் சேர்ந்து ஒரு பட்டியல் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.