கறுப்புப் பனி பெய்த ஊர்!

டிரான்சில்வேனியான்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவாங்க? வேற யாரு, நம்ம டிராகுலா அண்ணாச்சிதான்! அவர் கற்பனை. ராத்திரியில மட்டும்தான் வருவார். ஆனா, அதே டிரான்சில்வேனியாவில் பட்டப்பகல்லயே ஊரோட மூச்சைக் குடிச்ச நிஜ பூதங்கள் ரெண்டு இருந்துச்சு. இந்த வாரம் அந்தக் கதைதான் ஃப்ரெண்ட்ஸ்!

ஊர் பேரு கோப்ஷா மீகா. ருமேனியாவில், சிபியு மாவட்டத்தில், தர்னாவா மாரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற குட்டி டவுன். 'மீகா'ன்னா ருமேனிய மொழியில் 'சின்ன'ன்னு அர்த்தம். ஆனா கெட்ட பேர் என்னவோ ரொம்பப் பெருசு. 1990-களின் தொடக்கத்தில், 'ஐரோப்பாவிலேயே படு மோசமா மாசுபட்ட ஊர்களில் ஒண்ணு'ன்னு உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதித் தள்ளின.

டயருக்குள்ள ஒரு வில்லன்

உங்க பைக் டயர் ஏன் கறுப்பா இருக்கு? ரப்பரோட சொந்தக் கலர் கறுப்பு இல்லை பாஸ். சீக்கிரம் தேயாம இருக்க அதில் 'கார்பன் பிளாக்'னு ஒரு பொடியைக் கலக்கிறாங்க. சிம்பிளா சொன்னா, சுத்தமான கரி. டிரான்சில்வேனியாவில் இயற்கை எரிவாயு நிறைய. அதைப் போதுமான காற்று கொடுக்காம எரிச்சா, முழுசா எரியாம கரி மிஞ்சும். இந்த வேலையைத்தான் 'கார்போசின்'ங்கிற தொழிற்சாலை கோப்ஷா மீகாவில் பல வருஷம் செஞ்சது.

மிஞ்சின கரியை எல்லாம் மூட்டையில் பிடிச்சிருந்தா பிரச்னையே இல்லை. பிடிக்காம விட்டது ஊர் மேல இறங்குச்சு. கூரை, மரம், கொடியில காயப்போட்ட துணி, மேயப் போன ஆடு... எல்லாமே கறுப்பு. பனிக்காலத்தில் வெள்ளையா விழுற பனிகூட கறுப்பாயிடும்! 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்து கதவு திறந்ததும், வெளிநாட்டு கேமராக்கள் உள்ளே போய் எடுத்த படங்களைப் பார்த்து உலகமே அதிர்ந்து போச்சு. 1993-ல் கார்போசினை மூடிட்டாங்க.

அப்போ சுபம்னு போட்டுடலாமா? அதான் இல்லை. கரி வெறும் அடியாள்தான். அசல் 'டான்' கண்ணுக்கே தெரியாதவன்! பக்கத்திலேயே இருந்த 'சோமெட்ரா' ஆலையில் ஈயமும் துத்தநாகமும் உருக்கினாங்க. அதோட புகையில் கந்தக டை ஆக்சைடு, ஈயம், காட்மியம் எல்லாம் சேர்ந்தே வந்துச்சு.

பள்ளத்தாக்குக்கு ஒரு மூடி

இங்கேதான் வானிலை சார் என்ட்ரி கொடுக்கிறார். பொதுவா மேலே போகப் போகக் குளிரும். தரைக்கிட்ட சூடான காற்று மேலே கிளம்பும்போது புகையையும் கூடவே கூட்டிட்டுப் போயிடும். கோடையில் இதுதான் நடக்கும். குளிர்காலத்தில் கதை தலைகீழ். நீளமான ராத்திரியில் தரை சீக்கிரமே குளிர்ந்திடும். குளிர்ந்த காற்று கனமானது. மலைச்சரிவில் வழுக்கி இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அதுக்கு மேலே சூடான காற்று, பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துக்கும். 'டெம்பரேச்சர் இன்வெர்ஷன்'னு நாம எக்ஸாமுக்கு மனப்பாடம் செய்வோமே, அதேதான்.

வெயில் கொஞ்சம் அடிச்சா மூடி விலகும். ஆனா தரையில் கிடக்கிற பனி வெயிலைத் திருப்பி அனுப்பிடும், மூடுபனி வேற மறைக்கும். காற்றும் வீசலைன்னா, ஊர் விட்ட மூச்சையே ஊர் திரும்ப இழுக்கணும்.

'புகைபோக்கியை இன்னும் உயரமா கட்டிட்டா போச்சு'ன்னு உங்க பெஞ்ச்ல யாராவது சொல்வாங்க. கட்டினா புகை மூடியைத் தாண்டும், சரி. ஆனா ஈயம் ஆவியாகி மாயமாயிடுமா? அடுத்த ஊர் வயல்ல இறங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆலை நின்னாச்சு... ஈயம்?

2009-ல் சோமெட்ராவில் உருக்கும் வேலையும் நின்னுபோச்சு. வானம் வெளுத்துச்சு. ஆனா அந்த ஆலைகளை நம்பித்தான் ஊரே இருந்துச்சு. மூச்சு திரும்பி வந்தப்போ, சம்பளம் போயிடுச்சு. 'சுத்தமான காற்றா, சோறா?'ன்னு ஒரு ஊரைக் கேட்க வைக்கிறதே கொடுமை இல்லையா?

அடுத்த கொடுமை மண்ணுக்குள்ள. கரியை மழை கழுவிடும். ஈயம் மக்காது, மட்காது. பல வருஷமா இறங்கினது மேல்மண்ணுலேயே தங்கிடும். வறண்ட நாளில் காற்று அடிச்சா தூசியா மறுபடி கிளம்பும். கீரை, கேரட் மாதிரி பயிர்கள் காட்மியத்தை உறிஞ்சிக்கும். இதில் அதிகம் மாட்டுறது குழந்தைகள்தான். வாய்க்குள்ள போற ஈயத்தில், பெரியவங்களைவிட நாலஞ்சு மடங்கு அதிகமா அவங்க உடம்பு உறிஞ்சும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். 'இவ்வளவு ஈயம்னா பரவாயில்லை'ன்னு சொல்ற பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

இன்னிக்கு ருமேனியாவின் சின்ன ஊர்களில் குளிர்கால வில்லன் வேற. வீட்டு அடுப்பில் எரியிற விறகு! அதிலிருந்து வர்ற பி.எம். 2.5 நுண்துகள்கள் நேரா நுரையீரலோட அடி வரைக்கும் போகும். 24 மணி நேர சராசரி, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு. குளிருக்கு அடுப்பு மூட்டுற பாட்டியை வில்லின்னு சொல்ல முடியுமா, சொல்லுங்க? ஆனா மூடி போட்ட பள்ளத்தாக்குக்கு அந்தப் பாசமெல்லாம் தெரியாது.

முதல் வருஷத்திலேயே நமக்கு 'மாஸ் பேலன்ஸ்' சொல்லித் தர்றாங்க. உள்ளே போனது = வெளியே வந்தது + தங்கினது. வெளியே வந்ததுக்கு ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 'காற்று'ன்னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுறோம். அடுத்த தடவை அந்த அம்புக்குறியைப் போடும்போது, அதோட முனையில் ஒரு ஊர் இருக்கலாம்னு யோசிங்க மக்கா. கோப்ஷா மீகா அங்கேதான் இருந்துச்சு.

வரட்டா? அடுத்த வாரம் பார்ப்போம்!