ஆறு நூல் பலகையும் ஆய்வு நூலும்

வீட்டிலேயே ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி செய்வது கணினி அறிந்த இளைஞர்களின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகிவிட்டது. அணுசக்தி நகரில் ஆய்வு பயிலும் நண்பர்கள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். மென்பொருள் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. பழைய ஆர்கேட் எந்திரங்களின் ஆட்டங்களைக் கணினியில் இயங்கச் செய்யும் ‘மேம்’ 1997இல் வெளிவந்தது. கைக்கடக்கமான ராஸ்பெர்ரி பை 2012இல் விற்பனைக்கு வந்தது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் 1980இன் பேக்மேனும் ஒரு மாலைப்பொழுதில் திரைக்கு வந்துவிடுகின்றன. இடர்ப்பாடு தொடங்குவது ஒட்டுப்பலகையில்தான்.

அந்த இடர்ப்பாட்டைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அது ஒரு மொழியியல் சிக்கல். அதைவிட, கற்றோர் சமூகத்தின் அறச்சிக்கல்.

பெட்டியின் வடிவைத் தாங்குபவை இரு பக்கப் பலகைகள். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்க வேண்டுமாதலால், ஒன்றன்மேல் ஒன்றை வைத்து இறுக்கி, ஒருசேர அறுத்து, ஒருசேர இழைக்கிறார்கள். குறுக்குப் பலகைகள் அமர்வதற்கு அவற்றில் காடி வெட்ட வேண்டும். அமெரிக்க வரைபடங்களில் காடியின் அகலம் முக்கால் அங்குலம் என்றிருக்கும்; அதாவது 19.05 மில்லிமீட்டர். நம் கடையில் வாங்குவதோ 18 மில்லிமீட்டர் பலகை. அளவுநாடாவை மட்டும் நம்பி வெட்டினால் காடியில் பலகை ஆடும். தேர்ந்த தச்சர் எண்ணை நம்புவதில்லை. வாங்கிய பலகையின் துண்டொன்றையே காடி வரும் இடத்தில் வைத்து இருபுறமும் கோடு கிழிக்கிறார்.

அளவை வாயால் சொல்லும்போது அவருடைய அலகு ‘நூல்’. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். முக்கால் அங்குலம் ஆறு நூல். அமெரிக்க வகைப் பொத்தானுக்கான துளை ஓர் அங்குலம் ஒரு நூல். மும்பைப் பட்டறைகளில் இதே அளவுக்குச் ‘சூத்’ என்று பெயர். அதற்கும் பொருள் நூல்தான். இரு மொழிக்குடும்பங்கள், ஒரே உருவகம். மராத்தியில் தச்சரைக் குறிக்கும் ‘சுதார்’ என்னும் சொல்லும் ‘சூத்ரதார’, அதாவது நூல் பிடிப்பவர், என்பதிலிருந்து வந்ததே. நாடகத்தை நடத்துபவருக்கும் வடமொழியில் அதே பெயர்.

தமிழிலக்கண மாணவர்க்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூலையும் மனத்தின் கோணலைத் தீர்க்கும் நூலையும் நன்னூலின் பாயிரப்பகுதி ஒருங்கே வைத்துப் பேசுகிறது. தச்சர் என்ற சொல்லோ வடமொழித் தக்ஷனுக்கும், அதன் வழியே கிரேக்கத் தெக்தோனுக்கும் உறவு. டெக்னாலஜி என்பதன் முற்பாதியும் அதே தொல்வேரிலிருந்து கிளைத்ததென்பது மொழியியலார் பொதுவாக ஏற்கும் கருத்து.

சொற்கள் சேர்த்து வைத்தவற்றைச் சமூகம் பிரித்து வைத்திருக்கிறது. பட்டம் பெற்றவர் மரத்தைத் தொட்டால் அது படைப்பாற்றல். பிறப்பால் அத்தொழிலுக்குள் வந்தவர் தொட்டால் அது கூலிவேலை. முதற்பெட்டியின் படத்தைப் பெருமையுடன் பகிர்கிறோம். காடிக்கு அளவெடுக்கச் சொல்லித் தந்தவரின் பெயர் அப்பதிவில் இருப்பதில்லை. ‘நானே செய்தேன்’ என்னும் தொடரின் எழுவாயில் ஒருவர் மறைந்துபோகிறார். 1956இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலைகூடக் கடைசல் பிடிப்போரும் பற்றவைப்போரும் இன்றி எழுந்திருக்க முடியாது. இங்கு வாழும் நாமே இதை மறப்பது அழகன்று.

பொழுதுபோக்கின்மீது இத்தனை சுமையை ஏற்ற வேண்டுமா என்று கேட்கலாம். காணொளி பார்த்துத் தனித்துக் கற்பதில் குற்றமில்லை. ஆனால் ஒட்டுப்பலகையின் ஓரத்தை இழைக்கும்போது முனையில் சிம்பு பெயராதிருக்க, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும் என்பதும், அதற்கு எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதும் கையிலிருந்து கைக்குச் செல்லும் அறிவு. அதை உடையவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, பெட்டி செய்ய விரும்புவோர் ஒரு தச்சரிடம் சில நாள்கள் கற்க வேண்டும். அந்நாள்களுக்குப் பேரம் பேசாமல் ஊதியம் தர வேண்டும். இரண்டு, மொழி பயில்வோர் அப்பட்டறையின் சொற்களைப் பதிவுசெய்ய வேண்டும். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொகுத்த தெலுங்குத் தொழிற்சொல் அகராதியின் உழவுத் தொகுதி 1962இல் வெளிவந்தது. நமக்கு முன்மாதிரி அண்டையிலேயே உண்டு. இழைப்புளி ‘ரந்தா’ என்றும் மூலைமட்டம் ‘குனியா’ என்றும் வழங்கும் இந்நகரில், தாராவியிலும் செம்பூரிலும் தமிழ் பேசும் தொழிலாளர் எந்தச் சொல்லை எப்போது எடுக்கிறார்கள் என்பதே ஓர் ஆய்வேட்டுக்குரிய பொருள். மூன்று, அவ்வேட்டில் அவரைத் ‘தகவலாளி’ என்று குறுக்காமல், அவர் இசைந்தால், ஆசிரியர் என்று பெயரோடு குறிக்க வேண்டும்.

நூல் பிடித்து மரத்தை நேராக்குபவரிடம், நூல் எழுதுவோர் கற்க வேண்டியது காடி வெட்டுவது மட்டுமன்று.