கறித்தூளா, முருங்கைக்கீரையா?

மாணவர்களே, சத்துப் பட்டியலை மட்டும் பார்த்தால் கறித்தூளே வெல்லும். 100 கிராம் கறித்தூளில் சுமார் 19 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. அதே எடை முருங்கைக்கீரையில் சுமார் 4 மில்லிகிராம்தான். காரணம் எளிது: பச்சைக்கீரையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் நீர் வற்றக் காய்ந்தவை.

ஆனால், 100 கிராம் கறித்தூளை யார் சாப்பிடுகிறார்கள்? குழம்பில் உங்கள் பங்கு ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 2 கிராம். அதிலுள்ள இரும்பு 0.4 மில்லிகிராம். 50 கிராம் கீரையிலோ 2 மில்லிகிராம், ஐந்து மடங்கு! தாவர இரும்பை உடல் ஈர்க்க உதவும் வைட்டமின் சி கறித்தூளில் இல்லை என்றே சொல்லலாம். கீரையில் நிறைய உண்டு. வேகும்போது ஒரு பகுதிதான் அழியும்.

வளரும் வயதில், குறிப்பாக மாணவிகளுக்கு, இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. ஜாசின், அலோர் காஜா பக்கம் வீட்டுக் கொல்லையிலேயே முருங்கை நிற்கும்போது அதை ஒதுக்குவது சரியா? கறித்தூள் மணத்துக்கு இருக்கட்டும். சத்துக்குக் கீரையை நம்புங்கள். இனி எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், “ஒரு வேளைக்கு நான் எவ்வளவு சாப்பிடுகிறேன்?” என்று முதலில் கேளுங்கள்.