மீனம்மா கற்றாள், ராகுல் கற்றானா?

அக்காவின் திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை மூண்டது. காரணம் நகையும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஒரு பாட்டு.

பெரியப்பா மகளான அக்கா மணக்கப்போகும் மாமா, இந்தி பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். திருமணத்துக்கு முந்தைய இரவு ‘சங்கீத்’ நடத்துவது அவர்கள் வழக்கம். இரு வீட்டாரும் ஆடுவதற்கான பாடல் பட்டியலை அவர்களே தயாரித்து அனுப்பியிருந்தார்கள். எல்லாம் இந்திப் பாடல்கள். கடைசியாக, “உங்கள் பக்கத்துக்காக” என்ற குறிப்போடு ‘லுங்கி டான்ஸ்’.

“இதுதான் நம்ம பக்கத்துப் பாட்டா?” என்று கேட்டார் பெரியப்பா. “விடுங்கப்பா, ஆடுறதுக்கு நல்லா இருக்கும்” என்றான் அண்ணன். “நீதானே படம் எல்லாம் பார்க்கிறவள், நீயே ஒரு முடிவு சொல்” என்று பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. அதனால் அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ படத்தை மறுபடி ஒருமுறை முழுதாகப் பார்த்தேன்.

ரோகித் ஷெட்டி இயக்கிய அந்தப் படம் 2013 ஆகஸ்டில் வெளிவந்தது. அப்போது நான் தொடக்கநிலை 2 மாணவி. பாட்டியும் அம்மாவும் நானும் திரையரங்கில் பார்த்தோம். கதாநாயகன் ஷாருக் கான், கதாநாயகி தீபிகா படுகோன், அவருடைய அப்பாவாக நம் சத்யராஜ். படத்தில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். பல தமிழ் வசனங்களுக்கு இந்தியில் விளக்கம் கிடையாது. நகைச்சுவை வந்தபோதெல்லாம் எங்கள் வரிசைதான் முதலில் சிரித்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நமக்குப் புரிகிறது, அவர்களுக்குப் புரியவில்லை என்பதில் எட்டு வயதில் எனக்கு அப்படி ஒரு பெருமை!

இருபது வயதில் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது.

கதையை நினைவூட்டுகிறேன். மும்பையில் இனிப்புக்கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த ராகுலுக்கு 40 வயது. இறந்துபோன தாத்தாவின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்கச் சொல்கிறார் பாட்டி. அவனுக்கோ நண்பர்களோடு கோவா போக ஆசை. பாட்டியை ஏமாற்ற ரயிலில் ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கிவிடத் திட்டமிடுகிறான். ஓடிவரும் ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்து ஏற்றுகிறான். அவளைத் துரத்தி வரும் நான்கு தடியர்களையும் தெரியாமல் ஏற்றிவிடுகிறான். கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பி ஓடும் மீனம்மா அவள். அப்பா ஊரையே ஆட்டிப்படைக்கும் தாதா. பிறகு துரத்தல், அடிதடி, காதல்.

இந்தக் கதையின் முடிச்சு எல்லாமே ஒரே இடத்தில் இருக்கிறது: ராகுலுக்குத் தமிழ் தெரியாது. “இவரைத்தான் நான் காதலிக்கிறேன்” என்று அப்பாவிடம் மீனம்மா பொய் சொல்லும்போது அவன் பக்கத்திலேயே நிற்கிறான். தன் தலையெழுத்தை யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

ரயில் காட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தடியர்களுக்கு இந்தி புரியாது. ஆனாலும் வெளிப்படையாகப் பேசினால் சந்தேகம் வரும். அதனால் மீனம்மா பிரபலமான இந்திப் பாட்டு மெட்டுகளில் தன் நிலைமையைப் பாடிச் சொல்கிறாள். அவனும் பாட்டிலேயே பதில் சொல்கிறான். சினிமாப் பாட்டே இரண்டு பேருக்கான ரகசிய மொழியாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பாலத்தைக் கட்டியது யார்? மீனம்மாதான். இந்தியும் அவளுக்குத் தெரியும், இந்திப் பாட்டும் தெரியும். படம் முழுக்க மொழிபெயர்ப்பவளும் அவள்தான். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் அது இன்னொரு மொழியைக் கற்றுக்கொண்டவளின் உச்சரிப்பு.

ராகுல் என்ன கற்றுக்கொள்கிறான்? அவளைத் தூக்கிக்கொண்டு கோயிலின் 300 படிகளையும் ஏறுகிறான். அடி வாங்குகிறான், அடி கொடுக்கிறான். கடைசியில் அவளை அவளுடைய அப்பாவிடமே அழைத்துச் சென்று, நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறான். பேசுவது இந்தியில். காதலுக்காக 300 படி ஏறியவன், 30 தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொள்ளவில்லை.

பாடல்களிலும் இதே கதைதான். விஷால் - சேகர் இசை, அமிதாப் பட்டாச்சார்யாவின் வரிகள். ‘தித்லி’ பாட்டை இன்றும் அடிக்கடி கேட்கிறேன். அதைப் பாடியவர்கள் நம் சின்மயியும் கேரளத்தின் கோபி சுந்தரும். பிரியாமணி ஆடும் பாட்டு துள்ள வைக்கும். ஆனால் தமிழ் இந்தப் பாடல்களில் கறிவேப்பிலைபோல அங்கங்கே தூவப்பட்டிருக்கிறது. மணத்துக்கு உண்டு, பசிக்கு இல்லை. ‘தமிழ்நாட்டுக் கிராமம்’ என்று காட்டப்படும் காட்சிகளில் பல மகாராஷ்டிராவில் எடுக்கப்பட்டவை. அந்த ஊரின் பெயரே வாய்! ஊருக்கு வாய் இருக்கிறது, பாட்டில் தமிழுக்குத்தான் வாய் இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். ‘லுங்கி டான்ஸ்’ கேலிப் பாட்டு அல்ல. யோ யோ ஹனி சிங் உருவாக்கிய அது, ரஜினிகாந்துக்கான காணிக்கையாகத்தான் படத்தின் முடிவில் வருகிறது. வடக்கின் பெரிய நட்சத்திரம் ஒருவர் தெற்கின் பெரிய நட்சத்திரத்துக்கு வணக்கம் சொல்கிறார். வணங்கியவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. “இது நகைச்சுவைப் படம், இதில் போய் இலக்கணம் பார்க்கிறாயே” என்று அண்ணன் சொன்னதிலும் நியாயம் உண்டு.

ஆனால் இதே படத்தின் தலைப்புப் பாட்டு என்னை நிறுத்தியது. ஷாருக் கானுக்காக அதைப் பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம்.

1981இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘ஏக் தூஜே கே லியே’ என்ற இந்திப் படத்திலும் எஸ்பிபிதான் பாடினார். அது தமிழ்ப் பையனுக்கும் இந்திப் பெண்ணுக்குமான காதல். கமல்ஹாசனும் ரதி அக்னிஹோத்ரியும் நடித்தது. அதிலும் ஒரு வேடிக்கை: மின்தூக்கிக்குள் நாயகன் இந்திப் படங்களின் பெயர்களையே கோத்து ஒரு முழுப் பாட்டுப் பாடுவான். சினிமாதான் அங்கேயும் பாலம். பிறகு காதலர்கள் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று பெற்றோர் நிபந்தனை விதிக்கிறார்கள். அந்த ஓராண்டில் நாயகன் உட்கார்ந்து இந்தி கற்றுக்கொள்கிறான். அந்தப் படத்துக்காக எஸ்பிபிக்குத் தேசிய விருது கிடைத்தது.

எஸ்பிபியின் தாய்மொழி தெலுங்கு. தமிழில் பாட வந்தபோது, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரும்படி எம்.எஸ். விஸ்வநாதன் சொல்லி அனுப்பியதை அவரே மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். போனார், கற்றார், திரும்பி வந்தார். பிறகு எத்தனையோ மொழிகளில் பாடினார். 2020இல் அவர் மறைந்தபோது ஒவ்வொரு மொழிக்காரரும் அவரைத் தம்மவர் என்றே சொல்லி அழுதார்கள். அந்த உரிமை அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை.

1981க்கும் 2013க்கும் இடையே 32 ஆண்டுகள். இரண்டு படங்களிலும் எஸ்பிபியின் குரல். இரண்டு கதைகளிலும் மொழி கற்றவர் தமிழ்ப் பிள்ளை. அப்போது வாசு, பிறகு மீனம்மா. நாம் கற்றதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். எதிர்ப்பக்கம் கற்க வேண்டும் என்று கதை எழுதியவருக்கே தோன்றாததுதான் வருத்தம்.

இது சினிமாவோடு போகட்டும் என்று விட்டிருப்பேன், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

மாமா நல்லவர். வீட்டுக்கு வந்தால் பாத்திரம் கழுவாமல் போகமாட்டார். ஆனால் அவர் வந்ததும் மேசையில் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அவருடைய பெற்றோரும் வந்தால் அக்கா இந்திக்குத் தாவுவாள். ஒன்றரை ஆண்டில் அவள் இந்தி கற்றுக்கொண்டாள். பாட்டி மட்டும் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: “ஏம்மா, மாப்பிள்ளைக்கு என்மேல ஏதும் கோவமா? என்கிட்ட மட்டும் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரே.”

கோபம் இல்லை பாட்டி, மொழி இல்லை என்று சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எண்பது வயசுல நான் எங்க போய் இந்தி கத்துக்கிறது?” என்றார். கற்றுக்கொள்ள வேண்டியவர் தாம்தான் என்றே அவரும் நினைத்திருந்தார்! எனக்குச் சுருக்கென்றது.

மாமாவைக் குறைசொல்லுமுன் என்னையும் பார்த்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி பதினைந்து ஆண்டுகளாக எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர். தீபாவளிக்கு வாசலில் நின்று தமிழிலேயே வாழ்த்துச் சொல்வார். முறுக்கை ‘முறுக்கு’ என்றே கேட்டு வாங்குவார். எனக்கு அவருடைய மொழியில் புத்தாண்டு வாழ்த்து ஒன்றைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இருமொழிக் கல்வியில் படித்தவள் என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டோடு கதவைச் சாத்திவிட்டேன். மின்தூக்கியில் நானும் ஒரு ராகுல்தான்: சிரிப்பேன், தலையாட்டுவேன், என் மாடி வந்ததும் இறங்கிவிடுவேன்.

நாலு மொழி பேசும் ஊரில் ஆங்கிலம் எல்லாருக்கும் பொதுவான பாதை. அதனால் நமக்கு ஒரு சோம்பலும் வந்துவிட்டது. பொதுப் பாதையிலேயே நடந்து பழகியவர்கள் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. பாட்டிமார்களும் தாத்தாக்களும் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். காதலிப்பவர்களும் கூடப் படிப்பவர்களும் அடுத்தவர் மொழியில் புலமை பெற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது, போய் வருகிறேன். இவ்வளவு போதும். ஒரு பாட்டை மனப்பாடம் செய்யும் நேரம்கூட ஆகாது.

பஞ்சாயத்துக்கு என் தீர்ப்பு இதுதான். ‘லுங்கி டான்ஸ்’ பட்டியலிலேயே இருக்கட்டும். அதோடு எஸ்பிபி பாடிய தலைப்புப் பாட்டும், அவரே ரஜினிக்காகப் பாடிய தமிழ்ப் பாட்டு ஒன்றும் சேரட்டும். பெரியப்பா பாதி மனத்தோடு சம்மதித்தார். மாமாவுக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவைப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்.

சங்கீத் இரவில் எல்லாரும் ஆடினோம். லுங்கி கட்டிக்கொண்டு முதலில் மேடை ஏறியவர் பெரியப்பாதான்! ஆட்டம் முடிந்து வியர்வையோடு இறங்கிய மாமா, பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“பாட்டி, சாப்பிட்டீங்களா? கால் வலி பரவாயில்லையா?”

‘வலி’ அவர் வாயில் ‘வளி’ ஆனது. யாரும் சிரிக்கவில்லை. பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேச ஆரம்பித்தார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உதவி கேட்டு அக்காவைப் பார்த்தார். மொழிபெயர்க்க அக்கா வாய் திறந்தாள். பாட்டி கையைக் காட்டி அவளைத் தடுத்தார். பிறகு அதையே மறுபடி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

நான் இந்த வாரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப்போகிறேன். நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறீர்கள்?