ரோமன் ஹாலிடேவும் மாமல்லபுரம் பஸ்ஸும்

போன சனிக்கிழமை 'ரோமன் ஹாலிடே' (1953) மறுபடியும் பார்த்தேன். எத்தனாவது தடவைன்னு கேக்காதீங்க. கூடப் பார்த்த நண்பன் கடைசியில் கடுப்பாகி, "சேராமப் போறதுக்கு எதுக்குடா ரெண்டு மணி நேரம்?" என்றான். அவனுக்குப் பதிலாத்தான் இந்தப் பதிவு.

கதை தெரியாதவங்களுக்கு: இளவரசி ஆட்ரி ஹெப்பர்ன் யாருக்கும் தெரியாம நழுவி வந்து ரோமில் ஒரு நாள் ஊர் சுத்துறாங்க. கூட வர்ற கிரிகரி பெக் பத்திரிகைக்காரர். ஆள் யாருன்னு தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கிறார். பேட்டிக்கு எடிட்டர் பேசின விலை 5000 டாலர். வாடகை பாக்கி வேற! கூட்டாளி சிகரெட் லைட்டருக்குள்ள இருக்கிற கேமராவில் சுட்டுத் தள்ளுகிறார்.

(நம்மூரில் 1994-ல் வந்த 'மே மாதம்' இதோட சாயல்தான். எனக்கு ரஹ்மான் பாட்டுதான் மனசுல நின்னுச்சு.)

எல்லாரும் அந்த ஸ்கூட்டர் சவாரியைத்தான் சிலாகிப்பாங்க. எனக்குக் காதல் காட்சின்னா கடைசியில் வர்ற பிரஸ் மீட்தான். ரோம் ஞாபகார்த்தம்னு சொல்லி, எடுத்த போட்டோ மொத்தத்தையும் ஒரு கவரில் போட்டு இளவரசி கையிலேயே கொடுத்துடுவாங்க. ஒரு வரி நியூஸ் கிடையாது. 5000 டாலர் போயே போச்சு. நம்ம ஹீரோவா இருந்தா ஏர்போர்ட்டுக்கு ஓடியிருப்பார். இவர் பாக்கெட்டில் கையை விட்டுக்கிட்டுத் தனியா நடந்து போறார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பஸ்ஸில் அடிக்கடி போறவன் நான். ஞாயித்துக்கிழமை அங்கே பைக்குக்குப் பின்னாடி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கிட்டு எத்தனை பொண்ணுங்க! வெயிலுக்கு மட்டும்னு நினைக்கறீங்களா? அவங்களுக்கும் அது ஒரு நாள் ரோம்தான். இருட்டறதுக்குள்ள வீட்டுல இருக்கணும்.

ஒரு தடவை வெண்ணெய் உருண்டைக்குப் பக்கத்துல, பாறை நிழலில் சும்மா பேசிக்கிட்டிருந்த ஒரு ஜோடியை, முன்பின் தெரியாத ரெண்டு பேர் செல்போனில் வீடியோ எடுத்தாங்க. பையன் எழுந்து கெஞ்சறான். பொண்ணு துப்பட்டாவைத் தேடுது. அவனுங்க சிரிச்சுக்கிட்டே எடுக்கறாங்க. அந்த வீடியோ எந்த வாட்ஸப் குரூப்புக்குப் போச்சோ, யார் அப்பா கண்ணுல பட்டுச்சோ.

நான் என்ன செஞ்சேன்? கல்லை அண்ணாந்து பார்க்கிற மாதிரி நின்னேன். அஞ்சு நிமிஷம். அப்புறம் பஸ் ஏறிட்டேன்.

நண்பா, அந்தக் கவர் கைமாறுற சீனை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாரு. நானும் அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கறேன்.