குடும்பமும் செலவும்: தோலுறையா, செயற்கை உறையா?



கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் உள்ள எங்கள் இல்லத்தில் சென்ற ஆண்டு ஒரு சிறு போர் மூண்டது. 12 வயது நிரம்பிய என் மூத்த மகள் குத்துச்சண்டை பயில விரும்பினாள். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்றதும், மணிப்பூரின் மேரி கோம் அதில் வெண்கலப் பதக்கம் வென்றதும் அவள் பிறக்குமுன் நிகழ்ந்தவை. ஆயினும் அவளுக்கு அவை மனப்பாடம்.

என் தாயார் பேத்தி சண்டை பயில்வதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கையுறை தோலால் ஆனது என்று கேள்வியுற்றதும், "விளக்கேற்றும் வீட்டில் மாட்டுத் தோலா?" என்றார். "தம்பியின் மிருதங்கம் எதனால் ஆனது, பாட்டி?" என்றாள் மகள். அம்மாவிடம் விடையில்லை, அன்றிரவு அவர் சரியாக உண்ணவுமில்லை. வாதத்தில் வென்று முதியவர் மனத்தை நோகச் செய்வதில் என்ன பயன்? செயற்கை உறையே போதும் எனத் தீர்மானித்தேன். பணம் மிச்சமாகும் என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது.

அங்கேதான் தவறினேன். கடையில் இருந்தவற்றுள் மிக மலிவானதை வாங்கினேன். இரண்டே மாதத்தில் மகளின் விரல் முட்டிகள் வீங்கின. சொன்னால் பயிற்சியை நிறுத்திவிடுவேன் என்று அஞ்சி, அவள் வலியை மறைத்து வந்திருக்கிறாள். பயிற்சியாளர் உறையின் முன்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். உள்ளே திணிப்பு நசுங்கி, முட்டி தட்டுப்பட்டது. கையைக் காப்பது மேலுறையன்று, உள்ளிருக்கும் திணிப்பே என்று அன்று உணர்ந்தேன்.

நல்ல தோலுறை பல ஆண்டுகள் உழைக்கும். நாளடைவில் கையின் வடிவுக்கு இணங்கும். ஆனால் விலை அதிகம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கடும் வெயிலில் வைத்தால் வறண்டு வெடிக்கும். பாலியூரிதேன், வினைல் முதலிய செயற்கை உறைகள் விலை குறைந்தவை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆயினும் மடிப்புகளில் விரைவில் உரியும். ஆகையால் நாள்தோறும் பயிலும் பெரியவர்க்குத் தோலுறையே முடிவில் சிக்கனம். கை வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகட்குத் திணிப்பு நன்றாக உள்ள செயற்கை உறை போதுமானது.

வாங்குமுன் முட்டிப் பகுதியை அழுத்திப் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டை இறுக்கமாக நிற்கிறதா, உள்தையல் விரலை உறுத்துகிறதா என்றும் கவனியுங்கள். உறையின் எடை அவுன்ஸில் குறிக்கப்படும். ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம். ஒலிம்பிக் போட்டிகளில் 10, 12 அவுன்ஸ் உறைகள் வழக்கம். எதிராளியுடன் பயில்கையில் பெரியவர்கள் 16 அவுன்ஸும் அணிவர். பிள்ளைக்கு உரிய எடையைப் பயிற்சியாளரே சொல்லவேண்டும். உறைக்குள் கையில் பருத்திப் பட்டை சுற்றிக்கொள்வதும் இன்றியமையாதது. எந்த உறையாயினும் பையில் பூட்டிவைத்தால் வியர்வை நாற்றம் நீங்காது. நிழலில் காற்றாட உலர்த்துக.

வீக்கம் முழுதும் வடிந்தபின், திணிப்பு மிகுந்த வேறு செயற்கை உறை வாங்கினோம். இப்போது மாலைதோறும் பழைய செய்தித்தாளைச் சுருட்டி, ஈரம் உறிஞ்ச அவ்வுறைக்குள் திணிப்பவர் என் தாயார்தாம். அப்படியே பேத்தியின் முட்டிகளையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுகிறார். அதை முதலில் செய்திருக்க வேண்டியவன் நான்.